அம்மம்மாவின் யூரின் கல்ச்சரில் "ஈஎஸ்பிஎல் பொசிட்டிவ்" என்று வந்திருக்கிறது, இது என்ன?

பாலத்தடிப் பொடியன் (கல்லடி)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அம்மம்மாவுக்கு 73 வயது, நீண்ட காலமாகச் சீனி வருத்தம். போன கிழமை சலம் போகும்போது கடுக்கிறது என்றார், இரண்டாம் நாள் இரவு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். நான் வழக்கம்போல ஒழுங்கை முனையில் இருக்கிற பாமசிக்குப் போய்ச் சொன்னேன், கோ-அமொக்சிக்கிளாவ் குளிசை தந்தார்கள். இந்த வருசத்தில் இது மூன்றாவது தடவை. முந்தி இரண்டு தடவையும் இரண்டு மூன்று நாளில் சுகமாகிவிட்டது, மிச்சக் குளிசைகூட இன்னும் அலுமாரியில் கிடக்கிறது. இந்த முறை மூன்று நாள் போட்டும் காய்ச்சல் இறங்கவே இல்லை, இடுப்புக்கு மேலே முதுகுப் பக்கம் நோகிறது என்று அழத் தொடங்கிவிட்டார். பிறகு டொக்டர் ஒருவரிடம் காட்டி, சலத்தில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் எடுத்து, ரிப்போட் வந்ததும் அவர் உடனே வாட்டில் சேர்க்கச் சொன்னார். இப்போது மெரோபெனம் ஊசி போகிறது, இன்று இரண்டாம் நாள்.

ரிப்போட்டில் இருப்பது இது: ஈ. கோலை, ஒரு மில்லிலீற்றரில் ஒரு இலட்சத்துக்கு மேல். ஈஎஸ்பிஎல் பொசிட்டிவ். அம்பிசிலின், கோ-அமொக்சிக்கிளாவ், செஃபுரொக்சிம், செஃபோடக்சிம், சிப்ரோஃப்ளொக்சசின், ஜென்டாமைசின், கோ-ட்ரைமொக்சசோல் எல்லாவற்றுக்கும் "ஆர்", அதாவது கிருமி அடங்காது. நைட்ரோஃபியூரன்டொயின், அமிகாசின், மெரோபெனம் மூன்றுக்கு மட்டும் "எஸ்", அதாவது அடங்கும்.

வாட்டில் சனம் நிறைய, யாரையும் நிறுத்திக் கேட்க முடியவில்லை. பெரிய மாமி வந்து "உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு, இனி ஒன்றும் பிடிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து வீட்டில் ஒரே அழுகை. என் கேள்விகள்: உண்மையிலேயே உடம்பு பழகிவிட்டதா? அம்மம்மா தன் வாழ்நாளில் ஜென்டாமைசின் ஊசி போட்டதே இல்லை, அதற்கு எப்படி "ஆர்" வரும்? நைட்ரோஃபியூரன்டொயின் குளிசைக்கு "எஸ்" என்று இருக்கும்போது ஏன் ஊசி? அக்காவின் எட்டு மாதப் பிள்ளை வீட்டில் இருக்கிறது, அதற்குத் தொற்றுமா?


கல்முனை லேப் நானா

தம்பி, ஆளை வாட்டில் சேர்த்தது நல்ல வேலை. நான் டொக்டர் இல்லை, லேப்பில் கிருமி வளர்க்கிற தட்டுப் பார்க்கிற ஆள். அதனால் மருந்து விசயத்தில் வாட்டில் சொல்வதுதான் முடிவு, ரிப்போட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

மாமி சொன்னது பிழை. அம்மம்மாவின் உடம்பு எதற்கும் பழகவில்லை. அந்தக் குளிசை அவருடைய இரத்தத்தில் முன்பு எப்படி ஓடியதோ அப்படியேதான் இப்போதும் ஓடுகிறது. வேறாக இருப்பது கிருமி. இந்த ஈ. கோலையிடம் ஒரு நொதியம் இருக்கிறது, அது மருந்து மூலக்கூறை வெட்டிப் போடுகிறது. ஈஎஸ்பிஎல் என்பது அந்த நொதியக் கூட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள், தமிழில் சொன்னால் வீச்சு விரிந்த பீற்றா-லக்டமேசு. அது என்ன வீச்சு என்றால், பழைய வகை நொதியங்கள் பெனிசிலினையும் அமொக்சிசிலினையும் வெட்டுவதோடு நின்றுவிடும், இது செஃபோடக்சிம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற மூன்றாம் தலைமுறை ஊசிகளையும் சேர்த்து வெட்டும்.

நாங்கள் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று கேட்டால் ரசிப்பீர்கள். கிருமியைத் தட்டில் பஞ்சால் பூசிவிட்டு அதன்மேல் மருந்து ஊறிய சின்னக் கடதாசி வட்டங்களை வைக்கிறோம். ஒன்றில் செஃபோடக்சிம் மட்டும். இன்னொன்றில் அதே செஃபோடக்சிமோடு கிளாவுலானிக் அமிலம். இரவு முழுக்க இன்கியூபேற்றரில் வைத்து, காலையில் வட்டத்தைச் சுற்றிக் கிருமி வளராத வெளியை அடிமட்டத்தால் அளப்போம். கிளாவுலானிக் சேர்ந்த வட்டத்தைச் சுற்றிய வெளி 5 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ பெரிதாக இருந்தால் ஈஎஸ்பிஎல். கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியத்தின் வாயை அடைத்துவிடுகிறது, அதனால்தான் செஃபோடக்சிம் மறுபடி வேலை செய்கிறது.

நைட்ரோஃபியூரன்டொயின் விசயம்: அந்தக் குளிசை சலப்பையில் மட்டும்தான் நன்றாகச் சேரும், சிறுநீரக இழையத்துக்குள்ளோ இரத்தத்திலோ போதிய அளவு நிற்காது. நடுக்கக் காய்ச்சலும் முதுகு நோவும் இருந்தால் கிருமி மேலே ஏறிவிட்டது என்றே டொக்டர்மார் எடுப்பார்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அந்தக் குளிசை இன்னும் பிரயோசனமில்லை, சீனி வருத்தக்காரருக்கு அதையும் பார்க்க வேண்டும். தட்டில் "எஸ்" என்றால் தட்டில் "எஸ்", அவ்வளவுதான். ஆளுக்குள் அந்த மருந்து எங்கே போகிறது என்று தட்டுக்குத் தெரியாது.


வந்தாறுமூலை டீச்சர்

நான் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். "வெட்டுகிறது" என்று நானா ஒரு சொல்லில் முடித்துவிட்டார், எனக்கு அந்த இடத்தில்தான் ஆசை.

பெனிசிலின், அமொக்சிசிலின், செஃபோடக்சிம், மெரோபெனம் எல்லாவற்றின் நடுவிலும் ஒரே சின்ன வளையம் இருக்கிறது. மூன்று காபன், ஒரு நைதரசன், மொத்தம் நாலே அணு. நாலு அணு சேர்ந்து வளையமாக நிற்கவேண்டுமானால் பிணைப்புகள் 90 பாகை அளவுக்கு மடங்க வேண்டும், ஆனால் காபனுக்கு வசதியான கோணம் 109 அல்லது 120. ஆகவே அந்த வளையம் நாணேற்றிய வில் மாதிரி, தொட்டால் தெறிக்கிற நிலையில் இருக்கிறது. பற்றீரியா தன் கலச்சுவரைக் கட்டும்போது இழைகளைக் குறுக்கே பிணைக்கிற ஒரு நொதியம் உண்டு. அது தன் வழமையான இழை என்று நினைத்து மருந்தைப் பிடிக்கும், வளையம் தெறித்துத் திறக்கும், மருந்து அந்த நொதியத்தின் செரின் என்ற அமினோவமிலத்தில் ஒட்டிக்கொள்ளும், அதோடு அந்த நொதியம் முடிந்தது. சுவர் கட்டாத கலம் வளரப் போய் வெடித்துச் சாகும்.

பீற்றா-லக்டமேசும் அதே மாதிரித்தான் தொடங்குகிறது! அதுவும் செரினால்தான் பிடிக்கிறது, வளையத்தைத் திறக்கிறது. ஆனால் அது ஒரு நீர் மூலக்கூறைச் சரியான இடத்தில் தயாராக வைத்திருக்கிறது. அந்த நீர் வந்து பிணைப்பை உடைத்து, திறந்த மருந்தை வெளியே தள்ளிவிடுகிறது. நீர்ப்பகுப்பு என்று பாடப்புத்தகத்தில் இருப்பதே இது. நொதியம் பழையபடி சும்மா நிற்கிறது, அடுத்ததைப் பிடிக்கிறது. டெம்-1 என்ற பழைய வகை ஒரு விநாடியில் ஆயிரம் பெனிசிலின் மூலக்கூறு அளவில் வெட்டும். ஒரு கலத்தில் அப்படி எத்தனை நொதிய மூலக்கூறு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், குளிசை எந்த மூலைக்கு?

வாவியில் வலை போடுகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். வலை மீனைப் பிடிக்கிறது. நண்டு வந்தால் வலையில் மாட்டாமல் இழையை வெட்டிவிட்டு அடுத்த கண்ணுக்குப் போகிறது. கிளாவுலானிக் அமிலம் என்பது நண்டின் முன்னால் போடுகிற பொச்சுமட்டைத் துண்டு. அதையும் வலை என்று நினைத்துக் கவ்வும், கால் அதில் சிக்கிவிடும், அந்த நேரத்தில் வலை பிழைக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், என் பிள்ளைகள் எல்லோரும் "மருந்தை அதிகம் பாவித்ததால் இந்த நொதியம் உண்டானது" என்று எழுதுகிறார்கள், அது அப்படியில்லை. ஒக்ஸ்போர்டில் ஏபிரகாமும் செயினும் பெனிசிலினை அழிக்கும் நொதியம் ஒன்று பற்றீரியாவில் இருக்கிறது என்று எழுதியது 1940 டிசம்பரில். அதே குழு பெனிசிலினை ஒரு நோயாளிக்கு முதன்முதலாக மருந்தாகக் கொடுத்துப் பார்த்தது அடுத்த பெப்ரவரியில். மருந்துக்கு முன்னமே அதன் எதிரி வந்து கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறது! கனடாவின் யூக்கோனில் 30,000 வருசப் பழைய உறைமண்ணிலிருந்துகூட இப்படியான பரம்பரையலகுகளை எடுத்து 2011இல் எழுதியிருக்கிறார்கள். மண்ணில் பூஞ்சையும் பற்றீரியாவும் ஆதிகாலம் முதல் போடுகிற சண்டை இது, நாங்கள் இடையில் வந்தவர்கள். நாங்கள் செய்தது என்னவென்றால் அந்தச் சண்டையில் நொதியம் உள்ள பக்கத்தை மட்டும் பிழைக்கவிட்டு மற்றதைக் கழுவி எடுத்தது.

(அந்த முதல் நோயாளி ஒரு பொலிஸ்காரர். பெனிசிலின் அவ்வளவு தட்டுப்பாடு என்பதால் அவருடைய சலத்திலிருந்து வெளியேறிய மருந்தையே மறுபடி பிரித்தெடுத்து அவருக்கே ஏற்றினார்கள். ஆள் தேறிக்கொண்டு வந்தார், மருந்து முடிந்தது, மார்ச்சில் இறந்துவிட்டார். சலக் கல்ச்சர் பற்றிய கேள்வியில் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)


பாலத்தடிப் பொடியன்

டீச்சர், நண்டுக் கதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், மாமிக்கும்தான். ஆனால் ஒரு இடம் உதைக்கிறது. கிளாவுலானிக் அமிலம் நொதியத்தை அடைத்துவிடும் என்கிறீர்கள். நாங்கள் கொடுத்த கோ-அமொக்சிக்கிளாவ் குளிசையில் அமொக்சிசிலினோடு கிளாவுலானிக்கும் இருக்கிறதுதானே? பிறகேன் கேட்கவில்லை? ஜென்டாமைசின் கேள்விக்கும் இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.


அக்கரைப்பற்று மைக்ரோ

தம்பி சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். உங்கள் இரண்டு கேள்விக்கும் பெரும்பாலும் ஒரே பதில். நான் நுண்ணுயிரியல் படிக்கிறேன், இறுதி வருசம். போன மாதம் முழுக்க இதைத்தான் படித்துக் கண் வீங்கிப்போனேன்.

இந்த நொதியங்களின் பரம்பரையலகு பெரும்பாலும் கிருமியின் பெரிய நிறமூர்த்தத்தில் இருப்பதில்லை, பிளாஸ்மிட் என்ற தனி வளைய டிஎன்ஏயில் இருக்கிறது. அதை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்குக் குழாய் வைத்துப் பகிர்ந்துகொள்ளும், ஈ. கோலையிலிருந்து கிளெப்சியெல்லா என்ற வேறு இனக் கிருமிக்குக்கூடப் போகும். இப்போது உலகத்தில் அதிகம் பரவியிருக்கிற ஈஎஸ்பிஎல் சிடிஎக்ஸ்-எம்-15 என்பது. "சிடிஎக்ஸ்" செஃபோடக்சிம், "எம்" மியூனிக் நகரம். அந்தக் குடும்பத்தின் மூலம் க்ளூய்வெரா என்று ஒரு அப்பாவிப் பற்றீரியாவின் நிறமூர்த்தம், யாருக்கும் பெரிதாக வருத்தம் கொடுக்காத ஒன்று. அங்கிருந்து கழன்று பிளாஸ்மிட்டில் ஏறியதும் ஊர் சுற்றத் தொடங்கிவிட்டது.

பிளாஸ்மிட் தனியாக ஒரு பொருளை மட்டும் தூக்கிக்கொண்டு போவதில்லை. சிடிஎக்ஸ்-எம்-15 இருக்கிற பிளாஸ்மிட்டில் அடிக்கடி ஒக்சா-1 என்று இன்னொரு பீற்றா-லக்டமேசும் கூட வருகிறது. அதைக் கிளாவுலானிக் அமிலத்தால் சரியாக அடைக்க முடியாது. டீச்சரின் நண்டு ஒன்று பொச்சுமட்டையில் சிக்கினாலும் பக்கத்தில் நிற்கிற மற்ற நண்டு அமொக்சிசிலினை வெட்டிவிடும். அதோடு கிருமி நெருக்கமாக இருக்கிற இடத்தில் நொதியமும் அவ்வளவு அதிகம், கிளாவுலானிக் போதாமல் போகும். நானாவின் தட்டில் கிருமி அளவாகப் பூசப்பட்டிருக்கிறது, சிறுநீரகத்தில் அப்படி அளந்து பூசுவார் இல்லை.

இதே யோசனையில் ஒரு பெரிய பரீட்சார்த்தம் 2018இல் வெளிவந்தது, மெரினோ என்று பெயர். செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத ஈ. கோலை அல்லது கிளெப்சியெல்லா இரத்தத்தில் ஏறியவர்களில் ஒரு பாதிக்கு மெரோபெனம், மறுபாதிக்கு பிபெராசிலினும் டாசோபாக்டமும் சேர்ந்த ஊசி. டாசோபாக்டமும் கிளாவுலானிக் மாதிரி அடைப்பான்தான். 30 நாளுக்குள் இறந்தவர்கள் மெரோபெனம் பக்கம் 191 பேரில் 7, மற்றப் பக்கம் 187 பேரில் 23. அதனால்தான் உங்கள் டொக்டர் யோசிக்காமல் மெரோபெனத்துக்குப் போயிருப்பார்.

இப்போது ஜென்டாமைசின். அம்மம்மா அதைப் போட்டிருக்கத் தேவையே இல்லை. அதே பிளாஸ்மிட்டில் ஜென்டாமைசினைக் கெடுக்கிற நொதியமும் இருக்கலாம். அது வெட்டாது, மருந்து மூலக்கூறில் ஒரு அசற்றைல் கூட்டத்தை ஒட்டிவிடும். திறப்பின் பல்லில் சூயிங்கம் ஒட்டின மாதிரி, பிறகு அது கிருமி புரதம் கட்டுகிற றைபோசோமின் பூட்டுக்குள் போகாது. நீங்கள் அமொக்சிசிலின் கொடுத்துப் பழைய கிருமிகளைக் கொல்லும்போது இந்தப் பிளாஸ்மிட் உள்ளது மட்டும் மிஞ்சுகிறது, ஜென்டாமைசின் எதிர்ப்பு ஓசிப் பயணியாகக் கூட வந்துவிடுகிறது. ஒரு மருந்தை அநியாயமாகப் பாவித்தால் தொடாத மருந்தும் கெடும் என்று சொல்வது இதைத்தான்.

இதிலே எனக்கு மிகவும் பிடித்த கதை சிப்ரோஃப்ளொக்சசின். அது மண்ணிலோ பூஞ்சையிலோ வந்த மருந்து இல்லை, முழுக்க மனிதன் ஆய்வுகூடத்தில் செய்தது, ஆகவே அதை அழிக்கிற நொதியம் இயற்கையில் இருக்காது என்ற நம்பிக்கை இருந்தது. டோப்ராமைசின், அமிகாசின் வகையைக் கெடுக்கிற பழைய அசற்றைல் நொதியம் ஒன்று இரண்டே இரண்டு அமினோவமிலத்தை மாற்றிக்கொண்டு சிப்ரோவையும் பிடிக்கத் தொடங்கிவிட்டது, 2006இல் வந்த செய்தி. தனியாக அது கொடுக்கிற எதிர்ப்பு சின்னது என்பதையும் சொல்லவேண்டும், சிப்ரோவுக்குப் பெரிய எதிர்ப்பு வருவது அது தாக்குகிற புரதமே மாறிப்போவதால்.

டீச்சர், நண்டு உதாரணம் அருமை, ஆனால் ஒரு கூட்டத்துக்குப் பொருந்தாது. செரினே இல்லாமல் உலோகத்தால் வெட்டுகிற வகை ஒன்று இருக்கிறது, நடுவில் நாக அயன். அதற்குப் பொச்சுமட்டை போட்டாலும் கவ்வாது, கிளாவுலானிக் அமிலம் சும்மா.


வந்தாறுமூலை டீச்சர்

ஒத்துக்கொள்கிறேன் மகள். வாசிக்கிறவர்களுக்கு: நாகம் என்றால் இங்கே பாம்பு இல்லை, துத்தநாகம். ஒவ்வொரு வருசமும் வகுப்பில் யாராவது ஒருவர் சிரிப்பார்.


குளிசைக்கடை

எல்லோரும் பாமசியைத்தான் பார்க்கிறீர்கள் போல, சரி நானும் சொல்கிறேன். எதிர்ப்பக்கத்தில் நிற்கிற ஆள். சிட்டை இல்லாமல் அன்டிபயோட்டிக் கொடுக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, தெரியும். இரவு எட்டு மணிக்கு ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து "இன்றைக்குக் கூலி நாளை விட்டால் சாப்பாடு இல்லை, கிளினிக்குக்கு வரிசையில் நிற்க முடியாது, நாலு குளிசை தாங்கோ" என்று கேட்கும்போது சட்டத்தை வாசித்துக் காட்டிப் பாருங்கள். நான் இல்லையென்றால் அடுத்த கடை கொடுக்கும், அடுத்த மாதம் அந்தக் குடும்பம் சீனிக் குளிசைக்கும் என் கடைக்கு வராது.

அதற்காகச் செய்வது சரி என்று சொல்லவில்லை. இரண்டு வருசமாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: வயதானவர், கர்ப்பிணி, நடுக்கக் காய்ச்சல், ஒரே வருசத்தில் இரண்டாம் தடவை சலக்கடுப்பு, இதில் ஒன்று இருந்தாலும் குளிசை இல்லை, போத்தலைக் கொடுத்து லேப்புக்கு அனுப்புவேன். ஏச்சு வாங்கியிருக்கிறேன். தம்பி, உங்கள் அம்மம்மா இதில் மூன்றுக்குப் பொருந்துகிறார், உங்கள் ஒழுங்கைக் கடைக்காரர் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

அந்த அலுமாரியில் இருக்கிற மிச்சக் குளிசை: அதை வைத்திருந்து அடுத்த காய்ச்சலுக்கு யாருக்கும் கொடுக்காதீர்கள். கிளாவுலானிக் அமிலம் ஈரம் பட்டால் சீக்கிரம் கெட்டுப்போகிற சரக்கு, எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் உறை பிரிந்து கிடந்தால் அதில் என்ன மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது.


செங்கலடிக் கோழிப்பண்ணை

நானும் ஒரு வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போகிறேன். முன்பு குஞ்சு இறக்கிய அன்றே தண்ணீரில் ஒரு தூள் கலக்குவோம், வருத்தம் இருக்கோ இல்லையோ. யாரும் சொல்லித் தரவில்லை, பக்கத்துப் பண்ணைக்காரன் செய்தான், நானும் செய்தேன். மிருக வைத்தியர் ஒருவர் வந்து பையில் இருந்த பெயரை வாசித்துக் காட்டினார், என் மகனுக்கு வயிற்றோட்டத்துக்குக் கொடுத்த மருந்தின் குடும்பமாம். அன்றோடு விட்டேன். விட்ட பிறகு குஞ்சு அதிகம் செத்ததா என்றால் முதல் தொகுதியில் கொஞ்சம் செத்தது உண்மை, பிறகு உமியைக் காய விட்டு, தண்ணீர்ப் பாத்திரத்தை நாளாந்தம் கழுவத் தொடங்கியதும் பழைய கணக்குக்கு வந்துவிட்டது. கோழியை நன்றாகச் சமைத்தால் கிருமி சாகுமா?


அக்கரைப்பற்று மைக்ரோ

சாகும் அண்ணன். பச்சை இறைச்சி வெட்டின பலகையும் கையும்தான் தொல்லை, அதே பலகையில் அடுத்ததாக வெங்காயம் தக்காளி வெட்டுவது.

கோழி பன்றி என்றதும் கொலிஸ்டினைச் சொல்லாமல் விடமுடியாது. மெரோபெனமும் கேட்காவிட்டால் கடைசியாக எடுக்கிற பழைய மருந்து அது. அதற்கு எதிரான எம்சிஆர்-1 என்ற நொதியம் பிளாஸ்மிட்டில் ஏறி ஓடுகிறது என்று சீனாவிலிருந்து 2015இல் அறிவித்தார்கள், முதலில் கண்டது பன்றிப் பண்ணை ஈ. கோலையில். அது மருந்தைத் தொடுவதே இல்லை, கிருமியின் வெளித்தோலில் ஒரு கூட்டத்தை ஒட்டி அதன் மின்னேற்றத்தை மாற்றிவிடுகிறது, மருந்து வந்து ஒட்ட இடமில்லை. இந்தியா 2019இல் பண்ணை விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடைசெய்தது.


பாலத்தடிப் பொடியன்

நாலு நாள் கழித்து வருகிறேன். நல்ல செய்தி, ஊசி தொடங்கி மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, நேற்று இடியப்பம் கேட்டார், சொதி காரம் போதாது என்று ஏச்சும் கிடைத்தது. ஊசி இன்னும் சில நாள் போகுமாம்.

பிள்ளைக்குத் தொற்றுமா என்ற கேள்வி மட்டும் மிச்சம். இன்னொன்று, சுவிசில் இருக்கிற மாமா அடுத்த மாதம் வருகிறார், அவருக்கு அங்கே ஏதோ சத்திரசிகிச்சை இருக்கிறதாம், "அம்மாவைப் பார்க்க வந்தால் எனக்கும் வந்துவிடுமோ" என்று போனில் கேட்கிறார். பிறகு மெரோபெனத்தையும் வெட்டுகிற நொதியம் இருக்கிறதா? மைக்ரோ அக்கா சொன்ன உலோக வகை அதுதானா?


அக்கரைப்பற்று மைக்ரோ

அதுதான், துரதிர்ஷ்டம். என்டிஎம்-1 என்பது உலோக வகை ("என்டி" என்றால் நியூடெல்லி), மெரோபெனத்தையும் வெட்டும். புதுடில்லியில் வைத்தியசாலையில் இருந்துவிட்டு சுவீடன் திரும்பிய ஒருவரிடம் 2008இல் கிடைத்தது, பெயரில் டில்லி வந்ததால் இந்தியாவில் பெரிய கோபம். 2019இல் ஆர்க்டிக்கில் இருக்கிற ஸ்வால்பார்ட் தீவு மண்ணிலும் அந்தப் பரம்பரையலகு இருப்பதாக எழுதினார்கள். கேபிசி, ஒக்சா-48 என்று வேறும் இருக்கின்றன, அவை செரின் வகை. அம்மம்மாவின் ரிப்போட்டில் மெரோபெனம் "எஸ்", காய்ச்சலும் இறங்கிவிட்டது, ஆகவே அந்தப் பயம் இப்போது வேண்டாம்.

மாமா விசயத்தில் ஒரு ஆய்வு ஆறுதலும் தரும், கலக்கமும் தரும். நெதர்லாந்தில் 2012-13 காலத்தில் வெளிநாடு போய்வந்த ஏறத்தாழ 2,000 பேரின் மலத்தைப் போகுமுன்னும் வந்த பின்னும் சோதித்தார்கள். போகும்போது ஈஎஸ்பிஎல் கிருமி இல்லாதவர்களில் 34 வீதம் பேர் அதோடு திரும்பினார்கள், தெற்காசியாவுக்கு வந்து போனவர்களில் 75 வீதம். அதாவது மாமா அம்மம்மாவைப் பார்க்காமல் பாசிக்குடாவில் மட்டும் இருந்துவிட்டுப் போனாலும் குடலில் கொண்டுபோகக்கூடும். குடலில் இருப்பது வருத்தம் இல்லை, சும்மா குடியிருக்கும், பாதிப் பேருக்கு ஒரு மாதத்துக்குள் போய்விட்டது, பத்தில் ஒருவர் அளவுக்கு ஒரு வருசம் கழித்தும் இருந்தது. சத்திரசிகிச்சைக்கு முன் "இலங்கை போய் வந்தேன்" என்று அங்கே சொல்லச் சொல்லுங்கள். சில இடங்களில் அதற்கென்றே சோதிப்பார்கள், சிகிச்சைக்கு முன் கொடுக்கிற மருந்தையும் அதற்கேற்ப மாற்றுவார்கள்.


கல்முனை லேப் நானா

அல்ஹம்துலில்லாஹ், சொதிக்கு ஏசினால் சுகம்தான்.

பிள்ளை விசயம். இது இருமல் தும்மலில் பறக்கிற சாமான் இல்லை, மலத்திலிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு வருகிறது. அம்மம்மா பிள்ளையைத் தூக்கலாம், கொஞ்சலாம். மலசலகூடம் போய் வந்தும், பிள்ளையின் நப்பியை மாற்றியும், சோறு ஊட்டுமுன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கல்லடியிலும் காத்தான்குடியிலும் மணல் நிலம், கிணறும் குழி மலசலகூடமும் சில வளவில் பத்தடிக்குள் இருக்கிறது, அப்படியான வீடென்றால் பிள்ளைக்கு மட்டுமாவது தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள், இந்த நொதியம் இருக்கிற கிருமியும் கொதிதண்ணீரில் மற்றக் கிருமி மாதிரியே சாகும்.


பாலத்தடிப் பொடியன்

நன்றி நானா, டீச்சர், அக்கா, எல்லோருக்கும். கடைசியாக ஒன்று. வீட்டுக்கு வந்த பிறகு கிருமி போய்விட்டதா என்று பார்க்க மாதம் ஒருமுறை கல்ச்சர் எடுக்கலாம் என்று அக்கா சொல்கிறார். எடுக்கவா?


கல்முனை லேப் நானா

வேண்டாம் தம்பி. எனக்கு வேலை குறையும் என்பதற்காகச் சொல்லவில்லை. இந்த வயதில், சீனியும் இருக்கும்போது, ஒரு வருத்தமும் இல்லாமலே சலத்தில் கிருமி இருப்பது சாதாரணம். நீங்கள் கல்ச்சர் கொண்டுவந்தால் என் தட்டில் வளரும், நான் "ஈஎஸ்பிஎல் பொசிட்டிவ்" என்று எழுதியாக வேண்டும், அதைப் பார்த்து நீங்கள் பயப்படுவீர்கள், யாராவது மறுபடி மருந்து எழுதுவார்கள், பிறகு நானே அடுத்த ரிப்போட்டில் மெரோபெனத்துக்கும் "ஆர்" எழுதவேண்டி வரும். வாட்டில் டொக்டர் கேட்டால் எடுங்கள். மற்றபடி காய்ச்சலோ கடுப்போ வந்தால் மட்டும் வாருங்கள், குளிசை ஒன்றும் போடுவதற்கு முன் வாருங்கள், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருகிற சலத்தைப் போத்தலில் பிடித்து இரண்டு மணித்தியாலத்துக்குள் லேப்பில் கொடுங்கள். போன முறை ரிப்போட்டையும் கையில் கொண்டுவாருங்கள், அதை வீட்டில் விட்டுவிட்டு வருகிற ஆட்களோடு எனக்கு நாளாந்தம் சண்டை.